பாவட்டை இலைப் புள்ளிகள்: ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் வேலியோரச் செடிகள் கட்டுரையில் பாவட்டைக்கு முக்கால் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால், இலையின் கரும்புள்ளிகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தழைச்சத்தாகக் கொடுக்கிறது என்று வந்திருப்பது சரியில்லை. கட்டுரையாளரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. பல வருஷம் நானே வகுப்பில் அப்படித்தான் பாடம் நடத்தினேன்.

பாவட்டையைத் தெரியாதவர்கள் வெள்ளை இட்லிப்பூ என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டும் காப்பிக் குடும்பம்தான். பாவட்டை இலையைப் பறித்து வெயிலுக்கு நேராகப் பிடித்தால், பச்சைக்குள் கேழ்வரகைத் தூவியதுபோல் அங்கங்கே கருப்பாகத் தெரியும். எங்கள் வீட்டுச் செடியைப் பார்த்த நர்சரிக்காரர் ஒருவர் பூஞ்சாண நோய் என்று முடிவுகட்டி, நான் காப்பி எடுத்துவரப் போன நேரத்தில் ஒரு பக்கத்தையே கழித்துவிட்டார். வெளியிலிருந்து தொற்றிய நோயாக இருந்தால்தானே கழித்துப் பயன்! இந்தச் செடிகளில் பாக்டீரியா கொழுந்துக்குள் சுரக்கும் பிசினிலேயே குடியிருக்கிறது. இளம் இலையில் முதலில் திறக்கும் இலைத்துளைகள் வழியாக உள்ளே போகும். அப்புறம் இலைத்திசு வளர்ந்து வாசலை மூடிவிடும். அதுதான் புள்ளி. பூ மொட்டு உருவாகும்போதும் கூடவே மாட்டிக்கொண்டு விதைக்குள் போய்விடுகிறது. ஆக, கன்று முளைக்கும்போதே கைச்சரக்கோடுதான் முளைக்கிறது.

சரி, நைட்ரஜன் கதை எங்கிருந்து வந்தது? 1902-இல் ஜாவாவில் சிம்மர்மன் என்பவர் இந்த இலைமுடிச்சுகளில் பாக்டீரியா இருப்பதை விவரித்தார். 1912-இல் ஃபேபர், அதைத் தனியே வளர்த்துப் பார்த்ததாகவும் அது நைட்ரஜனை நிலைப்படுத்துவதாகவும் எழுதினார். உளுந்து, அவரையின் வேர்முடிச்சை அறிந்தவர்களுக்கு இது உடனே பிடித்துப்போனது. வேரில் நடப்பது இலையிலும் நடக்கிறது, அவ்வளவுதானே? ஆனால் பின்னாளில் செய்த சோதனைகளில் அப்படி எதுவும் தென்படவில்லை. செடிக்கு வெளியே வளர்க்க முடியாத பாக்டீரியா இது. ஃபேபரின் குடுவையில் வளர்ந்தது வேறேதோ ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பாவட்டையின் ஆப்பிரிக்கச் சொந்தமான சைக்கோட்ரியா கிர்க்கி என்ற செடியை சூரிச் பல்கலைக்கழகத்தார் எடுத்துக்கொண்டு, அதன் இலைப் புள்ளிகளுக்குள் இருக்கும் பர்க்ஹோல்டேரியா என்ற பாக்டீரியாவின் மரபணுத்தொகுதியை 2012-இல் படித்தார்கள். நைட்ரஜனைப் பிடிக்கும் மரபணு ஒன்றுகூட இல்லை. ஏகப்பட்ட மரபணுக்கள் பழுதாகிக் கிடந்தன. வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பவனுக்கு என்ன தேவை! ஆனால் ஒரு வேலைக்கான மரபணுக்கள் மட்டும் பத்திரமாக இருந்தன. ஏழு கரிம அணுக்கள் கொண்ட ஒரு சர்க்கரையை எடுத்து வளையமாக மடித்து கிர்க்கமைடு என்ற பொருளைச் செய்கிறது. அது பூச்சிகளுக்கு நஞ்சு. அதாவது உரக்கடை அல்ல, மருந்துக்கடை.

உங்கள் வாசகர்களில் நெல் விவசாயிகள் அதிகம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இலையுறைக் கருகலுக்கு அடிக்கிறார்களே வேலிடாமைசின், அதை ஒரு மண்வாழ் நுண்ணுயிர் செய்கிறது. அதுவும் தொடங்குவது அதே ஏழு கரிமச் சர்க்கரையில்தான். முதல் படியில் சர்க்கரையை மடித்துவிடும் என்சைமும் அதே வகை. ஒரே மாவில் இட்லியும் தோசையும் மாதிரி.

தழைச்சத்து தரும் இலை பாக்டீரியாதான் வேண்டும் என்றால், மாட்டுக்குப் போடத் தொட்டியில் வளர்க்கும் அசோலா இருக்கிறது. அதன் மேல் இலை மடலில் ஒரு குழி. அதற்குள் அனபீனா என்ற நீலப்பச்சை பாக்டீரியா சரம் சரமாக இருந்து, உண்மையாகவே நைட்ரஜனைப் பிடிக்கிறது. கட்டுரையாளர் அந்த வரியை அங்கே மாற்றிப் போட்டுக்கொண்டால் போதும்.

பாவட்டைக்கு நைட்ரஜன் இல்லை என்றதும் பாக்டீரியாவே வேண்டாம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். விதையைச் சூடுபடுத்தி பாக்டீரியாவை ஒழித்துப் பார்த்தபோது, கன்றுகள் குட்டையாகிக் கொழுந்து ஓடாமல் நின்றுபோயின. அது ஏன் என்பதுதான் எனக்கு இன்னமும் பெரிய ஆச்சரியம்.

நர்சரிக்காரர் கழித்த பக்கம் இப்போது துளிர்த்துவிட்டது. நேற்று காலை ஒரு புது இலையை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஏழு புள்ளிகள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
மன்னார்குடி.