ஜெராக்ஸ் கடை அக்காவுக்கும், கூட நின்ன எல்லாருக்கும்

பார்ட் டைம் பி.இ. ரிசல்ட் வந்துருச்சுங்க. எல்லா பேப்பரும் பாஸ், ரொம்ப நாளா இழுத்துட்டு இருந்த ஹீட் ட்ரான்ஸ்ஃபர் அரியரும் சேந்து கிளியர் ஆயிருச்சு. நேத்துல இருந்து எத்தனையோ பேர் போன் பண்ணிட்டீங்க, ஒருத்தர்கிட்டயும் ஒழுங்கா பேச முடியல, தொண்டை அடைச்சுக்குது, அதான் எழுதிரலாம்னு உக்காந்துட்டேன். ஜனவரில எங்க வீட்டுல நடந்தது உங்க எல்லாருக்கும் தெரியும். அதை மறுபடியும் எழுத எனக்கு தெம்பு இல்லைங்க. அந்த நேரத்துல யாரு கை கொடுத்தாங்கங்கறத மட்டும் சொல்லணும்.

மொதல்ல ஒரு அக்காவை பத்தி சொல்லிர்றேன். சொந்தமும் இல்ல, எங்க கம்பெனியும் இல்ல, கூட படிச்சவங்களும் இல்ல. கோயமுத்தூர் பீளமேட்டுல காலேஜ் பக்கத்துல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்காங்க. பேரெல்லாம் போடாதீங்க தம்பின்னு சொல்லிட்டாங்க, அதனால போடல.

பார்ட் டைம் பி.இ. படிச்சவங்களுக்கு இந்த கஷ்டம் சொல்லாமயே புரியும். பகல் முழுக்க வேலை, சாயங்காலம் க்ளாஸ், முடியறப்ப ராத்திரி ஒம்பதுக்கு மேல ஆயிரும். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரம்னா மெஷினை தொடச்சு, கை கழுவிட்டு ஓடுனா க்ளாஸை புடிச்சிரலாம். செகண்ட் ஷிஃப்ட் வந்தா முடிஞ்சுது, க்ளாஸ் நடக்கற அதே நேரத்துல நான் இரும்பு கடையற லேத்து மெஷின் முன்னாடி நின்னுட்டு இருப்பேன். 75 பர்சண்ட் அட்டெண்டன்ஸ் வேற வேணும். ஷிஃப்ட் மாத்தி மாத்தி அட்டெண்டன்ஸை எப்படியோ ஒப்பேத்திரலாம், ஆனா நடத்துன பாடம்? கூட படிக்கறவங்களும் ஃபவுண்ட்ரி, மில்லு, கரண்ட் ஆஃபீஸ்னு வேலைக்கு போறவங்கதான், ராத்திரி வீட்டுக்கு போய் படிக்க அவங்க நோட்டு அவங்களுக்கு வேணும், கொடுன்னு கேக்கவே சங்கடமா இருக்கும். கெடைக்கற நேரத்துல வாங்கி அந்த அக்கா கடைல ஜெராக்ஸ் எடுத்துக்குவேன். அக்காவுக்கு என்னை தெரிஞ்சதெல்லாம் அவ்வளவுதான், லேத்து தம்பின்னு கூப்புடுவாங்க.

ஜனவரிக்கப்புறம் நான் காலேஜ் பக்கமே போகல. நின்னுரலாம்னு முடிவு பண்ணிட்டேன். முப்பத்தாறு வயசுல, ரெண்டு கொழந்தைய வெச்சுட்டு, அந்த நெலமைல படிப்பு ஒரு கேடான்னு சொந்தக்காரங்க சொன்னது அப்ப சரின்னுதான் பட்டுச்சு. சர்டிஃபிகேட்டை எல்லாம் திருப்பி வாங்க லெட்டர் எழுதிட்டு, கூட வெக்க ஆதார் ஜெராக்ஸ் வேணும்னுதான் அன்னிக்கு அக்கா கடைக்கு போனேன்.

ஆதாரை கண்ணாடில வெச்சுட்டே, "ஏந்தம்பி இத்தன நாளா ஆளையே காணோம்? உங்குளுது ஒரு கட்டு இருக்குது, எடுத்துட்டு போங்க"ன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. நான் எதுவும் குடுத்துட்டு போகலயேங்கான்னேன். மேசைக்கு கீழ குனிஞ்சு எடுத்தாங்க பாருங்க, சணல் கயிறு போட்டு கட்டுன ஒரு பெரிய கட்டு. மேல ஒரு அட்டை, அதுல பால் பேனால "லேத்து தம்பி".

நான் வராத நாள்லயும் எங்க க்ளாஸ் பசங்க யாராவது நோட்டு கொண்டாந்து ஜெராக்ஸ் போட்டுட்டுதான் இருந்திருக்காங்க. அப்பல்லாம் அக்கா அவங்ககிட்ட சொல்லிட்டு எனக்குன்னு ஒரு காப்பி சேத்து எடுத்து வெச்சிருக்காங்க. அவங்கள யாரும் கேக்கல, நானும் கேக்கல. வராம இருக்கறதுக்கு என்ன காரணம்னும் அப்ப அவங்களுக்கு தெரியாது. செகண்ட் ஷிஃப்ட்டு போலன்னு நெனச்சிருக்காங்க, அவ்வளவுதான்.

அந்த கட்டை வீட்டுக்கு கொண்டாந்து பிரிச்சு பாத்தப்பதான் எனக்கு கண்ணு கலங்கிருச்சு. ஒவ்வொரு நாள் நோட்டுக்கும் நடுவுல அன்னிக்கு கிழிச்ச காலண்டர் தாளை வெச்சிருந்தாங்க, எது எந்த தேதிக்கு நடத்துனதுன்னு எனக்கு தெரியணுமாம். பென்சில்ல போட்ட டயக்ராம் ஜெராக்ஸ்ல மங்கலா விழும், பின்னாடி பக்கத்து எழுத்து வேற முன்னாடி தெரியும். அந்த பக்கத்த எல்லாம் டார்க் ஏத்தி, ஒரு சைடு மட்டும் போட்டு எடுத்திருந்தாங்க. ஒரு எடத்துல நோட்டு ஓரம் மடங்கி கடைசி எழுத்துங்க விழாம போயிருக்கு, அதை ஒரிஜினலை பாத்து நீல பேனால அவங்களே எழுதியிருந்தாங்க. அக்கா எட்டாவதோட நின்னவங்க. அதுல இருந்த சிக்மாங்கற கணக்கு குறிய பாத்து பாத்து அப்படியே வரைஞ்சிருக்காங்க, ஒரு கோடு தப்பல.

பணம் எவ்வளவுன்னு கேட்டதுக்கு, "அது கெடக்குது, மொதல்ல பரிச்ச எழுதிட்டு வாங்க"ன்னாங்க. சர்டிஃபிகேட் வாங்கற லெட்டரை நான் குடுக்கல. அந்த ஆதார் ஜெராக்ஸ் இன்னும் பையிலதான் இருக்கு.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதறேன்னா, எனக்கு தைரியம் சொன்னவங்க நெறைய பேர். எல்லாரும் மனசார சொன்னாங்க. ஆனா நீ திரும்ப வருவேன்னு நம்பி, வர்றப்ப உனக்கு இது தேவைப்படும்னு யோசிச்சு, அன்னன்னிக்கு ஒரு வேலையா ஒருத்தங்க அதை செஞ்சு வெச்சிருந்தாங்க, அதுவும் கடைல கூட்டம் அள்ளுற நேரத்துல, எனக்கு தெரியாமலே. அதுக்கப்புறம் நான் எப்படிங்க நிக்கறது?

படிப்பு பத்தியும் ஒண்ணு சொல்லணும், ஐ.டி.ஐ. முடிச்சுட்டு மெஷின்ல நிக்கற தம்பிங்களுக்காக. நான் டர்னர், பம்பு ஷாஃப்ட் கடையறதுதான் என் வேலை. ஜாப்பை, அதாவது கடையற இரும்பை, புடிச்சு சுத்தற சக்குல இருந்து அது நீளமா வெளிய நின்னா நுனி ஆடும், டேப்பர் விழும், அதாவது ஒரு பக்கம் தடிச்சு ஒரு பக்கம் மெலிஞ்சுரும், நுனிய தாங்க டெயில் ஸ்டாக் சென்டர் குடுக்கணும்னு பதினெட்டு வயசுலயே என் கைக்கு தெரியும். ஏன்னு தெரியாது. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல சார் கேண்டிலீவர் பீம், அதாவது ஒரு முனைய மட்டும் புடிச்சு நிக்கற பீம், நடத்துனப்பதான் அது வெளங்குச்சு. வளையறது நீளத்தோட மூணாவது அடுக்குல ஏறுது, வெளிய நிக்கற நீளம் ரெண்டு மடங்கானா வளைவு எட்டு மடங்கு. அன்னிக்கு ராத்திரி பஸ்ஸுல எனக்கு தூக்கமே வரல. இத்தன வருஷமா கைல இருந்தது ஒரு வரில அடங்கி எதுத்தாப்புல நின்ன மாதிரி இருந்துச்சு. நமக்கு கணக்கு வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க தம்பிங்களா. பாதி கணக்கு ஏற்கனவே உங்க கைல இருக்கு. ஐ.டி.ஐ. முடிச்சா பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாவது வருஷம் சேரலாம், டிப்ளமோவும் வேலை அனுபவமும் இருந்தா பார்ட் டைம் பி.இ.க்கு அப்ளை பண்ணலாம். நான் வந்த வழி அதுதான். நீளமான வழிதான், ஆனா வழி இருக்கு.

இனி மத்தவங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுதணும், எழுதுனா முடியாது. செகண்ட் ஷிஃப்ட்டை மாத்தி எடுத்துக்கிட்ட மில்லிங் மெஷின் அண்ணன், பரிச்ச வாரத்துல வேலை முடியறதுக்கு முன்னாடியே கெளம்புன்னு அனுப்புன எங்க மொதலாளி, பகல் காலேஜும் எடுத்துட்டு ராத்திரி எங்களுக்கும் நின்னு பாடம் எடுத்த சாருங்க, மேடமுங்க, ஜனவரில கேக்காமயே பணம் போட்டு விட்டவங்க, ஆஸ்பத்திரில மாத்தி மாத்தி வந்து படுத்துக்கிட்ட மச்சானுங்க, கொழந்தைங்களை ஸ்கூல்ல கொண்டு விட்ட பக்கத்து வீட்டம்மா, கால்குலேட்டர்ல மேட்ரிக்ஸ் போடறதுக்கு கத்துக்குடுத்த க்ளாஸ்லயே சின்ன பையன், உங்க எல்லாருக்கும் கோடி நன்றிங்க. என் வீட்டுக்காரிக்கு இங்க நன்றின்னு போட்டா அவ கோவிச்சுக்குவா. ஆனாலும் ஒண்ணு சொல்லிர்றேன், ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு நாள் கூட அவ எனக்கு ஆறுன சோறு போடல.

அடுத்த மாசம் ஒண்ணாந்தேதில இருந்து எங்க கம்பெனிலயே டிசைன் செக்ஷனுக்கு போறேன். மொதலாளி நேத்து சாயங்காலம் கூப்புட்டு சொன்னார். லேத்தை விட்டு போறது மனசுக்கு என்னமோ பண்ணுது, இருந்தாலும் இனி ட்ராயிங் போடறப்ப அதை கடையப்போற ஆளை நெனச்சுத்தான் போடுவேன், கடையற டூல் போகாத எடத்துல ரேடியஸ், அதாவது வளைவு, கேக்க மாட்டேன், இது சத்தியம்.

இன்னிக்கு காலைல அக்கா கடைக்கு ஸ்வீட் பாக்ஸோட போனேன். பாக்கி எவ்வளவுன்னு கேட்டேன், கணக்கே வெக்கலீங்க தம்பின்னுட்டாங்க. அதனால நான் ஒண்ணு சொல்லிட்டு வந்திருக்கேன், அக்காவும் சரின்னுட்டாங்க. என்னோட ஏழு செமஸ்டர் நோட்டும் இந்த வாரம் அங்க வந்துரும். பார்ட் டைம்ல யாரு செகண்ட் ஷிஃப்ட் மாட்டிக்கிட்டு க்ளாஸுக்கு வரமுடியலயோ, மெக்கானிக்கலோ வேற எதுவோ, அவங்களுக்கு ஒரு காப்பி எடுத்து வெச்சிருங்கக்கா, காசு மாசாமாசம் நான் குடுத்தர்றேன்னு சொல்லியிருக்கேன். உங்களுக்கு தெரிஞ்சவங்க யாராவது அப்படி இருந்தா கடைல போய் லேத்து தம்பி கணக்குன்னு சொல்ல சொல்லுங்க, போதும்.