கொழுந்து பறிப்பவர் எல்லாம் பங்களாதேஷா?

ஐயா,

நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்க வரும் ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கத் தொழிலாளர்களைப் பார்த்தாலே ‘பங்களாதேஷ்காரன்’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். வங்காளம் பேசினால் போச்சு! மேற்கு வங்கத்தில் வேறு என்ன பேசுவார்களாம்? கள்ளத்தனமாக எல்லை தாண்டியவர் இருந்தால் போலீஸ் விசாரிக்கட்டும். டீக்கடையில் நிறுத்தி ஆதார் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்க நாம் யார்? (ஆதார் குடியுரிமைச் சான்றே அல்ல என்பது வேறு விஷயம்.)

1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளில் சிலரும் இப்படிப் பேசுவதுதான் வேடிக்கை. அவர்களின் தாத்தா பாட்டியை ‘சிலோன்காரன்’ என்று ஒதுக்கியதும் இதே மலைதான். சரி, இந்தத் தொழிலாளர்கள் நாளைக்கே ரயில் ஏறிவிட்டால், கோவையிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளா கொழுந்து கிள்ள வரப்போகிறார்கள்?

– ஒரு வாசகர், கோத்தகிரி