குழந்தைகள் அருங்காட்சியகத்தில் பூட்டிக் கிடக்கும் கழிப்பறையைத் திறந்துவிடக் கோரி மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்:
இரண்டு சிறு குழந்தைகளின் தாய்
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
அருங்காட்சியகங்கள் துறை

பொருள்: குழந்தைகள் அருங்காட்சியகம் – மழலையர் கூடத்தை ஒட்டியுள்ள கழிப்பறை பூட்டியே இருப்பது – திறந்து, சிறு குழந்தைகளுக்கு ஏற்றபடி சீர்செய்து தர வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்துத் தங்கள் அலுவலகத் தபால் பிரிவில் ஏற்கெனவே கொடுத்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட மனுக்களுக்கு இன்று வரை பதில் வரவில்லை. ஒப்புகைச் சீட்டுகள் என்னிடம் இருக்கின்றன. நேரில் வந்து கேட்டபோது, "மேலே அனுப்பியிருக்கிறோம்" என்றார்கள். மேலே என்றால் தாங்கள்தான் என்பதால் இந்த மனுவைத் தங்கள் பெயருக்கே எழுதுகிறேன். தாங்கள் அந்தக் கட்டடத்துக்குப் பலமுறை ஆய்வுக்கு வந்தவர். எந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று நான் விளக்க வேண்டிய அவசியம் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தின் மேல் எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை. என் மூன்று வயது மகள் வீட்டில் ஓரிடத்தில் உட்காரமாட்டாள். அங்கே தண்ணீர் மேசைக்கு முன்னால் நின்றால், குழாயைத் திருப்புவதும் மடையை அடைப்பதும் மிதவையை விடுவதுமாக அசையாமல் நிற்பாள். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து ஏறாதது, கையால் தொட்டால் ஏறுகிறது. உலகின் முதல் குழந்தைகள் அருங்காட்சியகத்தை நியூயார்க்கின் புரூக்ளினில் 1899ல் திறந்தார்கள். 1960களில் பாஸ்டன் குழந்தைகள் அருங்காட்சியகத்தில் மைக்கேல் ஸ்போக் என்ற இயக்குநர், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவற்றை வெளியே எடுத்துப் பிள்ளைகளின் கையில் கொடுக்கத் துணிந்தார். அந்த வழியில் வந்ததுதான் தங்கள் பொறுப்பில் உள்ள இந்த மழலையர் கூடமும். அதைக் கட்டியவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. அதனால்தான் அங்கே போவதை விட்டுவிடாமல், இப்படி மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் கோரிக்கைகள் பின்வருமாறு:

1. மழலையர் கூடத்தின் பின்சுவரை ஒட்டி இருக்கும் கழிப்பறையைத் தினமும், அருங்காட்சியகம் திறந்திருக்கும் நேரம் முழுவதும், பூட்டாமல் வைத்திருக்க ஆணையிட வேண்டுகிறேன்.

2. அது ஏன் அவசியம் என்பதை முந்தைய மனுக்களில் சுருக்கமாக எழுதியிருந்தேன். சுருக்கமாக எழுதியதால்தான் யாரும் கவனிக்கவில்லையோ என்னவோ. இம்முறை விவரமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

குழந்தையின் சிறுநீர்ப்பை எவ்வளவு கொள்ளும் என்பதற்கு மருத்துவர்களிடம் ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. வயதோடு இரண்டைக் கூட்டி, முப்பதால் பெருக்கினால் வருவது மில்லிலிட்டரில் அதன் அளவு. மூன்று வயதுக்கு 150 மில்லி, அவ்வளவுதான். பெரியவர்களுக்கு 400, 500 மில்லி வரை தாங்கும். அதோடு, சின்னப் பிள்ளைக்கு 'வருகிறது' என்பது கடைசி நேரத்தில்தான் தெரியும், விளையாட்டில் மூழ்கியிருந்தால் இன்னும் தாமதமாகத் தெரியும். பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு வயதிலிருந்து நான்கு வயதுக்குள்தான் கழிப்பறைக்குப் போகவே பழகுகிறார்கள். மழலையர் கூடத்துக்கு வருவதும் இதே வயதுப் பிள்ளைகள்தான். "அம்மா, வருது" என்று என் மகள் சொன்ன பிறகு எனக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடம். அந்த நேரத்துக்குள் நான் என்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள்.

கைக்குழந்தையைத் தூக்கிக்கொள்ள வேண்டும், அவனுக்கு எட்டு மாதம். பையை எடுக்க வேண்டும். தண்ணீர் மேசையில் நனைந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, பத்தடி தள்ளி இருக்கும் அந்தப் பூட்டிய கதவைக் கடந்து போக வேண்டும். அந்தக் கதவில் ஓர் ஆண் படமும் ஒரு பெண் படமும் நடுவே ஒரு குழந்தைப் படமும் ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்ததும் மகள் நின்றுவிடுகிறாள். எழுத்து தெரியாத பிள்ளைக்கும் படம் புரிகிறது. "இதான் அம்மா, இதான்" என்று கைப்பிடியைப் பிடித்து இழுக்கிறாள். அதற்கு மேலே பெரிய பித்தளைப் பூட்டு. அவளை இழுத்துக்கொண்டு கூடத்தின் முழு நீளத்தையும் தாண்டி, டைனோசர் எலும்புக்கூட்டைச் சுற்றி, கவுண்டரைக் கடந்து, வெளிவாசல் படி இறங்கி, வாகனங்கள் பின்னால் வந்து திரும்பும் இடத்தைத் தாண்டினால் பொதுக் கழிப்பறை. பெரியவர்கள் நடக்க அது பெரிய தூரம் இல்லை. கால்களைப் பின்னிக்கொண்டு நடக்கும் மூன்று வயதுப் பிள்ளையால் அங்கே போய்ச் சேர முடியவில்லை.

முடியாமல் போனது. கவுண்டர் வரிசைக்கு முன்னாலேயே உடை நனைந்துவிட்டது. காலுறை, செருப்பு எல்லாம் நனைந்து, அவள் அப்படியே இரண்டு காலையும் அகட்டி நின்றாள். அழவில்லை. தரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். வரிசையில் நின்ற யாரோ ஒருவர், "பழக்கி அழைத்து வரக் கூடாதா?" என்றார். துடைப்பம் எடுத்து வந்த அம்மா ஒருவர்தான், "எல்லாப் பிள்ளைக்கும் இப்படித்தான் ஆகுது, கதவைத் திறந்து வைங்கன்னா யாரு கேக்குறா" என்று சொல்லிக்கொண்டே துடைத்துவிட்டார். ஐயா, 'எல்லாப் பிள்ளைக்கும்' என்று அவர் சொன்னதைத் தயவுசெய்து கவனியுங்கள். இது என் ஒரு வீட்டுக் குறை இல்லை. துப்புரவுப் பணியாளருக்குத் தெரிந்திருக்கும் இந்த விஷயம் தங்கள் மேசைக்கு மட்டும் வந்து சேரவில்லை.

அப்புறம் அவள் அங்கே போனால் தண்ணீரே குடிப்பதில்லை. "வேண்டாம், வந்துடும்" என்கிறாள். தண்ணீர் குடிக்காமலும் அடக்கியும் பழகினால் மலச்சிக்கலும் சிறுநீர்ப் பாதைத் தொற்றும் வரும், பெண் குழந்தைகளுக்கு அதிகம் வரும் என்று எங்கள் குழந்தை மருத்துவர் சொன்னார். பிள்ளைகள் மகிழ்ச்சியாகக் கற்றுக்கொள்வதற்கென்று கட்டிய இடத்தில் ஒரு பிள்ளை பயந்து போய்த் தாகத்தை அடக்குகிறாள். இதைவிட நான் என்ன எழுத வேண்டும்?

3. பூட்டியதற்குக் காரணம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சாவி மேற்பார்வையாளரிடம் என்கிறார் காவலர். தண்ணீர் வருவதில்லை என்கிறார் கவுண்டரில் இருப்பவர். பத்தடி தள்ளி இருக்கும் தண்ணீர் மேசையில் நாள் முழுக்கத் தண்ணீர் ஓடுகிறதே, அது எங்கிருந்து வருகிறது? குழந்தைகள் அசுத்தம் செய்துவிடுகிறார்கள் என்று இன்னொருவர் சொன்னார். குழந்தைகள் அருங்காட்சியகத்தில் குழந்தைகள்தான் கழிப்பறையைப் பயன்படுத்துவார்கள், ஐயா. அசுத்தமானால் சுத்தம் செய்ய ஆள் போட வேண்டும், பூட்டுப் போடக் கூடாது. விருந்தினர் யாரோ வருகிறார்கள் என்று ஒருநாள் அதே கழிப்பறை திறந்து, பளிச்சென்று, சோப்புடன் இருந்ததை நானே பார்த்தேன். தண்ணீரும் வந்தது. மறுபடி போனபோது பூட்டு இருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் அந்தக் கதவு திறக்காது?

4. வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவதில்லை. புது டிக்கெட் எடுக்கச் சொல்கிறார்கள். கழிப்பறையை உள்ளே பூட்டி வைத்து வெளியே போகச் சொல்வதும் தாங்கள்தான், வெளியே போனவர்களை உள்ளே விடாததும் தாங்கள்தான். கையில் ஒரு முத்திரை குத்தி அனுப்பினால் தீர்ந்தது. ஒரு முத்திரைக் கட்டையும் மைப்பெட்டியும் போதும். இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டுமா?

5. உள்ளே டயப்பர் மாற்ற ஒரு மேடை இல்லை, பாலூட்ட ஒரு மறைவிடம் இல்லை. தாய்ப்பாலை இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. நான் எலும்புக்கூட்டுக்குப் பின்னால், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து பால் கொடுக்கிறேன். அந்த நேரம் மகள் எங்கே ஓடுகிறாள் என்று பார்க்க முடிவதில்லை. தந்தை ஒருவர் தன் பெண் குழந்தையை அழைத்துக்கொண்டு தனியாக வந்தால் அவர் நிலைமை இன்னும் மோசம். வெளியில் உள்ள பொதுக் கழிப்பறையில் பெண்கள் பக்கம் அவர் போக முடியாது, ஆண்கள் பக்கம் பிள்ளையை அழைத்துப் போக மனம் வராது. வாசலில் நின்று, முன்பின் தெரியாத என்னிடம் "அக்கா, கொஞ்சம் அழைத்துப் போகிறீர்களா?" என்று ஒருவர் கேட்டார். அழைத்துப் போனேன். அந்தக் குழந்தை என்னைக் கண்டு மிரண்டு அழுதது. தாய், தந்தை, பிள்ளை மூவர் படமும் போட்ட கழிப்பறை உள்ளே சும்மா கிடக்கிறது.

6. கண்ணாடிப் பெட்டிகளின் உயரம். மூன்று வயதுப் பிள்ளையின் சராசரி உயரம் சுமார் 95 சென்டிமீட்டர், கண் மட்டம் அதற்கும் கீழே. வண்ணத்துப்பூச்சிப் பெட்டிகளோ ஒரு மீட்டருக்கு மேல்தான் தொடங்குகின்றன. பிள்ளைகளுக்குத் தெரிவது மேசைக் கால்தான். ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக் காட்டிக் காட்டிப் பெற்றோருக்கு இடுப்பு போய்விடுகிறது. ஏறி நின்று பார்க்க ஒரு படி வைத்தால் போதும். ஓடாத பல்சக்கரத்தையும் சரிசெய்யலாம். ஆனால் இவையெல்லாம் காத்திருக்கட்டும், அவசரமில்லை. கழிப்பறைதான் அவசரம்.

7. கழிப்பறையைத் திறக்கும்போது, உள்ளே சின்ன மாற்றங்கள் சிலவும் தேவை. உட்காரும் கோப்பை பெரியவர்கள் உயரத்தில் இருக்கிறது. பிள்ளையின் கால் தொங்குகிறது, விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் வந்ததும் நின்றுவிடுகிறது. ஒரு கால்வைக்கும் பலகையும், மேலே பொருத்தும் சிறிய இருக்கையும் போதும். வாஷ்பேசின் குழாய் அவர்களுக்கு எட்டாது, அங்கேயும் ஒரு படி வேண்டும். நூறு பிள்ளைகள் தொட்ட பொம்மையைத் தொட்டுவிட்டு வருகிற கைகள் அவை, சோப்பும் தண்ணீரும் இருக்க வேண்டும். கைகழுவக் குறைந்தது 20 விநாடி ஆகும், அத்தனை நேரமும் பிள்ளையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க யாராலும் முடியாது.

8. கழிப்பறையைத் திறந்துவிடுங்கள் ஐயா.

9. மேலே சொன்னதையே திரும்பச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சொல்லாமல் வேறு என்ன செய்வது? ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989ல் நிறைவேறியது. அதன் 31ஆம் பிரிவு விளையாட்டையும் பண்பாட்டு வாழ்வில் பங்கேற்பதையும் குழந்தையின் உரிமை என்று சொல்கிறது. நுழைவாயில் பலகையில் பெரிய எழுத்தில் தாங்களே அதை எழுதி வைத்திருக்கிறீர்கள். நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. புதுக் கட்டடம் கேட்கவில்லை. கட்டி, ஓடு பதித்து, குழாய் போட்டு, படமும் ஒட்டி முடித்த ஒரு கதவின் சாவியைத் திருப்பச் சொல்கிறேன். இதற்கு எத்தனை மேசைகளைக் கடந்து கோப்பு போக வேண்டும்? யார் கையெழுத்துப் போட வேண்டும்? அதையாவது சொல்லுங்கள், அவரிடமே போய்க் கேட்கிறேன்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்தருளவும். தாங்கள் நேரில் வந்து பார்க்க முடிந்தால் மிகவும் நல்லது. முன்கூட்டியே சொல்லாமல், பள்ளி விடுமுறை நாளில், காலைக் கூட்டம் ஏறும் நேரத்தில் வந்து, தண்ணீர் மேசைக்குப் பக்கத்தில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். கைப்பிடியை எத்தனை பிள்ளைகள் இழுத்துப் பார்க்கிறார்கள் என்பது தெரியும்.

ஆகவே, மழலையர் கூடக் கழிப்பறையை உடனே திறக்கவும், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பணியாளரை நியமிக்கவும், அதுவரை வெளியே சென்று திரும்புவோரைக் கை முத்திரையைப் பார்த்து உள்ளே விடவும் ஆணையிடுமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். எடுக்கும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கவும் வேண்டுகிறேன். நடவடிக்கை இல்லை என்றால், அதையும் எழுத்து மூலமே தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள், பூட்டிய கதவின் புகைப்படம், கூடத்தில் அன்று இருந்த மற்ற பெற்றோர் சிலரின் கையொப்பத் தாள்.