கேப்பிபாராவுக்கு இட்லி: ஒன்றுகூடல் ஏற்பாட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பிரேசிலின் காம்பினாஸ் நகர ஏரிப் பூங்காவில் மாதந்தோறும் தமிழ்க் குடும்பங்களைக் கூட்டும் குழுவினருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு நடந்ததை நீங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். வெயில் ஏறிய நேரத்தில் மூக்கை மட்டும் வெளியே நீட்டியபடி தண்ணீரில் கிடக்க வேண்டிய கேப்பிபாராக்கள் என்னும் அந்தப் பெரிய கொறிவிலங்குகள், நாம் வீசிய இட்லிக்கும் ரொட்டிக்கும் கரையேறி, பிள்ளைகள் உட்கார்ந்திருந்த ஜமக்காளத்தின் ஓரம்வரை வந்து நின்றன. உணவளிக்க வேண்டாம் என்று ஒருவரேனும் சொல்லியிருக்கலாம்.

அன்றிரவு என் மகளின் காலுறையைக் கழற்றியபோது கணுக்காலில் கடுகைவிடச் சிறியதாக மூன்று கரும்புள்ளிகள் ஒட்டியிருந்தன. மூன்றும் உண்ணிகள்; கேப்பிபாராக்களின் உடலில் ஒட்டித் திரிபவை. நசுக்காமல் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். உண்ணி கடித்து வரும் புள்ளிக் காய்ச்சல் தலைகாட்ட 14 நாள்கள்வரை ஆகலாம் என்பதால், அவள் தூங்கிய பின் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்து விளக்கொளியில் எண்ணைப் பார்ப்பதே ஐந்து இரவுகளாக என் வேலையாகிவிட்டது. இதே ஊரில் ஒரு பண்ணை நிகழ்ச்சிக்குப் போய்வந்தவர்களில் சிலர் 2023 ஜூனில் இந்தக் காய்ச்சலில் இறந்ததை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

ஆகவே கேட்கிறேன்: நம் கூட்டத்தில் கேப்பிபாராவுக்கு உணவளிப்பதை நிறுத்துங்கள்.

இந்நாட்டுப் பழங்குடியினரின் துப்பி மொழியில் அதன் பெயருக்கே புல் தின்னி என்றுதான் பொருள். வளர்ந்த ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 கிலோ புல் மேயும். வளர்ந்துகொண்டே இருக்கும் அதன் பற்கள் அந்த நாரில்தான் தேயும். முதல் முறையில் செரிக்காமல் தப்பிய சத்தைப் பெறக் காலையில் தன் மென்சாணத்தையே அது மறுபடியும் தின்னும். இப்படி அமைந்த வயிற்றுக்குள் நாம் மாவைத் திணிக்கிறோம். அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறும், பசுவுக்கு அகத்திக்கீரையும், கோயில் குளத்து மீனுக்குப் பொரியும் கொடுத்துப் பழகிய கை நம்முடையது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கேப்பிபாராவுக்கு இட்லி ஊட்டிய புண்ணியம் எந்தக் கணக்கில் சேரும் என்றுதான் விளங்கவில்லை. தொட்டுக்கொள்ளச் சட்னி வைக்காதது ஒன்றுதான் குறை.

இதற்கிடையில், அவற்றைப் பூங்காவிலிருந்தே அப்புறப்படுத்தச் சொல்லி நகராட்சிக்கு மனுக் கொடுக்கலாம் என்று நம் குழுவிலேயே பேச்சு அடிபடுகிறது. அந்தி சாய்ந்தபின் தன் பாட்டுக்குக் கரையோரம் மேயும் கூட்டத்தை நடுப்பகலில் நம் பாயருகே அழைத்தது நாம். ஊரைவிட்டுப் போக வேண்டியது அவையா? படம் எடுக்க ஆசைப்பட்டவர்கள் எட்ட நின்று எடுத்திருக்கலாமே.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்தருளுங்கள். அடுத்த மாதம் புல்தரையில் ஜமக்காளம் விரிக்காமல் சிமெண்டுத் தளம் உள்ள கூடாரத்தில் கூட்டம் நடத்தவும், மீந்த உணவை அவரவர் வீட்டுக்கே எடுத்துச் செல்லச் சொல்லவும், கேப்பிபாராவுக்கு உணவளிக்கக் கூடாது என்று அழைப்பிலேயே அறிவிக்கவும் தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இன்னும் ஒன்பது இரவுகள் எண்ண வேண்டிய
உறுப்பினர் ஒருத்தி