தாத்தாப்பூவுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். நம் மலேசியாவில் வசந்தம் ஏது என்று கேட்பார்கள், ஆனால் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது தெரியும். பிப்ரவரி, மார்ச் வாக்கில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்று, அப்புறம் செம்பு நிறத்தில் கொழுந்து விடும். அந்த நாளில் மர வரிசைக்கு நடுவே வெயில் இறங்கி, ஓரமெல்லாம் பூத்துக் கிடக்கும். தாத்தாப்பூ, உண்ணிப்பூ, தொட்டாச்சிணுங்கி, மலாய்க்காரர்கள் செண்டுடுக் என்கிற ஊதாப்பூ. அதன் பழத்தைத் தின்றுவிட்டுக் கறைபட்ட நாக்கை நீட்டிக் காட்டாத தோட்டத்துப் பிள்ளை உண்டா?

இதையெல்லாம் எனக்கு நின்று பார்க்கக் கற்றுக்கொடுத்தவள் என் சிநேகிதி. போன வருடம் தவறிவிட்டாள். இருபது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவள், வேலை முடிந்து வந்து குளித்ததும் பென்சிலோடு உட்கார்ந்துவிடுவாள். பள்ளிக்கூட நோட்டு, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம், எது கிடைத்தாலும் வரைவாள். செண்டுடுக் பூவில் மகரந்தக் காம்பு இரண்டு விதம், ஒன்று மஞ்சளாகக் குட்டையாக, இன்னொன்று ஊதாவாகக் கொக்கி மாதிரி வளைந்து இருக்கும் என்பதை அவள் படத்தைப் பார்த்துத்தான் நான் கவனித்தேன், அத்தனை வருடம் அதைக் கடந்து நடந்தும். தொட்டாச்சிணுங்கியை வரையும்போது அவள் முட்டி பட்டு இலை மூடிக்கொள்ளும். பேசாமல் காத்திருப்பாள், திரும்ப விரியும் வரைக்கும்.

ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் அவள் அம்மா சொன்ன பெயரை எழுதியிருக்கிறாள். மூன்று நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் சில பெயர்களைக் கேட்டுச் சொல்ல எங்கள் பக்கத்தில் ஆளே இல்லை. கோலகங்சாரில் 1877இல் நட்ட பால்மரத்தைப் பெயர்ப்பலகை வைத்துப் பாதுகாக்கிறார்கள், நல்ல விஷயம். அந்த மரத்தடியில் முளைத்ததை யார் எழுதி வைப்பது?

போன மாதம் கோயிலுக்குப் போகும் பாதையோரம் முழுக்க மருந்தடித்துக் கருக்கிவிட்டார்கள். புல் மண்டினால் பாம்பு வரும், வெட்டத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பூத்திருக்கும் நேரம் பார்த்தா? எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டங்களில் நிர்வாகமே பாதையோரம் பூச்செடி நடுகிறது, காலையில் விரிந்து மதியத்துக்குள் மூடிக்கொள்ளுமே அந்த வெள்ளைப் பூ, அதன் தேனுக்கு வரும் குளவிதான் ஓலையைத் தின்னும் பைப்புழுவை அழிக்கிறது. தானாக முளைத்ததற்கும் வண்டும் தேனீயும் வருகின்றன ஐயா.

உங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு சின்ன இடம் ஒதுக்க முடியுமா? பிள்ளைகள் வீட்டோரத்தில் பார்த்த ஒரு பூவை நேரில் உட்கார்ந்து வரைந்து, பாட்டி என்ன பெயர் சொன்னார் என்று கேட்டு எழுதி அனுப்பட்டும். போனில் படம் பிடிப்பது வேறு, அரைமணி நேரம் ஒரே பூவைப் பார்த்து வரைவது வேறு.

முதல் வாரத்துக்கு அவளுடைய தாத்தாப்பூ படத்தை அனுப்புகிறேன். ஓரத்தில் டீக்கறை இருக்கும், அப்படியே போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி, சுங்கை சிப்புட்