வள்ளி திருமணம் பார்க்கப் போகிறோம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

வரும் சனிக்கிழமை எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மும்பை மாட்டுங்காவில் நடக்கும் ஒரு நாடகத்துக்கு அழைத்துப் போகிறோம் என்று போன வாரம் டைரியில் எழுதி அனுப்பியிருந்தோம். அதற்கு நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. கேட்டில் நிறுத்திக் கேட்டவர்கள், போன் செய்தவர்கள், பிள்ளையிடமே "நான் வரலைன்னு சொல்லிடு" என்று சொல்லி அனுப்பியவர்கள் என்று எல்லோரும் உண்டு. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

நாடகம் வள்ளி திருமணம். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது, அவர் காலம் 1867 முதல் 1922 வரை. உங்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்துக் குடும்பங்கள்தான் அதிகம், அதனால் கதையை நான் சொல்லத் தேவையில்லை. கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் ராத்திரி பத்து மணிக்குப் பாயை விரித்துப் போட்டு, விடிய விடியப் பார்த்திருப்பீர்கள். "அதான் ஊர்லயே பார்த்தாச்சே, இதுக்கு எதுக்கு ஸ்கூல்ல இருந்து?" என்று ஒரு அம்மா கேட்டார். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் அம்மா, உங்கள் மகள் பார்க்கவில்லையே. அவள் தாராவியில் பிறந்தவள், ஊருக்குப் போவது மே மாத லீவில் பத்து நாள், அதிலும் பாதி நாள் சொந்தக்காரர் வீடுகளில் போய்விடுகிறது.

இன்னொன்று, இது நீங்கள் பார்த்த மாதிரி மேடை கட்டி, எதிரே உட்கார்ந்து பார்க்கிற நாடகம் இல்லை. போஸ்டரில் 'இம்மெர்சிவ்' என்று போட்டிருக்கிறார்கள். அரங்கில் நாற்காலியே கிடையாது, நடுவில் மூங்கில் பரண், சுற்றிலும் நாம் நிற்கிறோம், நடிகர்கள் நமக்கு நடுவே நடந்து, நம்மிடமே பேசிக்கொண்டு நடிக்கிறார்கள். லண்டனில் பிரிட்ஜ் தியேட்டர் என்ற அரங்கில் 2023-ல் 'கைஸ் அண்ட் டால்ஸ்' என்ற பழைய இசை நாடகத்தை இப்படித்தான் மறுபடி போட்டார்கள். நியூயார்க்கில் 1950-ல் அரங்கேறிய நாடகம் அது. தரையிலிருந்து சிறு சிறு மேடைகள் எழும்பி எழும்பி இறங்க, ஜனங்கள் அவற்றைச் சுற்றி நின்று பார்த்தார்கள், 2025 ஜனவரி வரை ஓடியது. அதற்காக இதை வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். வடதமிழ்நாட்டில் பாரதக் கூத்து நடக்கிற ஊர்களில் அர்ச்சுனன் தபசு அன்றைக்கு நடிகர் உயரமான கம்பத்தில் ஏறிப் பாடி, மேலிருந்து கூட்டத்துக்குள் எலுமிச்சம்பழம் வீசுவார், கீழே பெண்கள் முந்தானையை ஏந்திக்கொண்டு நிற்பார்கள். பார்க்க வந்தவர்களையும் கதைக்குள் இழுப்பது நமக்கு எப்போதோ தெரிந்த வேலைதான்.

பிள்ளைகளை அனுப்பச் சொல்வதற்கு முன் நாங்களே பார்த்துவிட வேண்டும் என்று தமிழாசிரியையும் நானும் முதல் காட்சிக்குப் போயிருந்தோம். உள்ளே நுழையும்போதே ஆளுக்கு ஒரு கவண் கையில் கொடுக்கிறார்கள் (கல் கிடையாது, வெறும் கயிறுதான், பயப்பட வேண்டாம்). நாம்தான் தினைப்புனத்தில் காவல் இருப்பவர்கள். வள்ளி பரண்மேல் ஏறி, குருவி விரட்டும் ஆலோலம் பாடியதும் நாமும் கூடவே குரல் கொடுக்க வேண்டும். முதல் தடவை எல்லோருக்கும் கூச்சம், முணுமுணுத்தோம். வள்ளி பாட்டை நிறுத்திவிட்டு, "இந்தச் சத்தத்துக்குக் குருவி இன்னும் நாலு கூட்டிக்கிட்டு வரும்" என்றாள் பாருங்கள், அடுத்த தடவை அரங்கமே அதிர்ந்தது. கால் ஹார்மோனியக்காரர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், வெறுங்காலால் பெடலை மிதித்துக்கொண்டே வள்ளியின் வாயைப் பார்த்தபடி இருந்தார், அவள் ஒரு வரியை நினைத்ததைவிட நீட்டினால் விரலும் கூடவே நீண்டது. மிருதங்கம், டோலக், ஜால்ரா எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்.

அப்புறம் நாரதர் வருகிறார், தர்க்கம் தொடங்குகிறது. நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக நினைப்பதே இந்தத் தர்க்கத்துக்காகத்தான். ஊரில் ஸ்பெஷல் நாடகம் என்றால் நாரதர் ஒரு ஊரிலிருந்தும் வள்ளி இன்னொரு ஊரிலிருந்தும் வந்து, அன்றைக்குச் சாயங்காலம்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. அப்படியே மேடையேறி, பாட்டுக்குப் பாட்டு, பேச்சுக்குப் பேச்சு என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். பழைய பாடல்கள் மனப்பாடம், நடுவில் வரும் பேச்சு அவரவர் திறமை. இங்கே அந்த வாதத்தில் நம்மையும் சேர்த்துவிட்டார்கள். நாரதர் கூட்டத்துக்குள் நடந்து வந்து முருகனைக் கட்டிக்கொள்ளச் சொல்லி ஆள் சேர்க்கிறார், வள்ளி மறுபக்கம் ஆள் சேர்க்கிறாள். எனக்கு முன்னால் பத்துப் பதினோரு வயதுப் பையன் ஒருவன், அப்பா கையைப் பிடித்தபடி நின்றான். நாரதர் குனிந்து, "நீ சொல்லு தம்பி, முருகனையே வேண்டாம்னு சொல்லலாமா?" என்று கேட்டார். "அவங்க வேணாம்னா வேணாம்தான், ஏன் ஃபோர்ஸ் பண்றீங்க" என்றான். அரங்கம் முழுக்கக் கைதட்டல். வள்ளி பரணிலிருந்து இறங்கி வந்து அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டு, அவன் சொன்னதையே அடுத்த வாதத்துக்குப் பிடித்துக்கொண்டாள்.

நம் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. ஆனால் வீட்டில் அம்மா கேட்பதற்கு ஒரு வார்த்தையில் பதில், வகுப்பில் கேள்விக்கு நோட்ஸில் இருப்பது, கிரவுண்டில் சண்டை வந்தால் இந்தி. தமிழில் நின்று வாதாடுவதற்கு அவர்களுக்கு இடமே அமைவதில்லை. தெரியாத ஒருவர் முகத்துக்கு நேரே வந்து தமிழில் கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்து நிற்கிற அனுபவம் ஒரு தடவையாவது அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு இதை எங்களால் தர முடியாது.

கதையில் ஒரு இடம் எனக்கும் உறுத்துகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வேடனாக வந்தும் கிழவனாக வந்தும் வள்ளி மசியாததால் முருகன் அண்ணனைக் கூப்பிட்டு யானையாக வரவைத்து மிரட்டுகிறார். பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்கிற பெண்ணைத் துரத்தினால் சரியாகிவிடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கதையை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம், ஆனால் பேசலாம். திங்கட்கிழமையின் முதல் இரண்டு பீரியடை இதற்காகவே ஒதுக்கியிருக்கிறோம், வள்ளி பக்கம் ஒரு அணி, முருகன் பக்கம் ஒரு அணி, ஆண் பெண் கலந்து. வீட்டில் நீங்களும் கேளுங்கள்.

கோமாளி வந்து சிரிக்கவைக்கிற பபூன் காமிக்கில் இரட்டை அர்த்தப் பேச்சு வருமே என்று ஒரு அப்பா கவலைப்பட்டார், நியாயமான கவலை. நாங்கள் பார்த்த காட்சியில் அப்படி எதுவும் இல்லை, பள்ளிக் காட்சியிலும் இருக்காது என்று குழுவினர் உறுதி சொல்லியிருக்கிறார்கள்.

யூனிட் டெஸ்ட் நேரத்தில் கூத்து எதற்கு என்று கேட்டவர்களுக்கு: டெஸ்ட் அடுத்த வாரம் வியாழக்கிழமைதான் ஆரம்பம், ஒரு சனிக்கிழமை மாலையால் எந்த மார்க்கும் குறையாது. கூத்து என்று கீழாகப் பேசவும் வேண்டாம். சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையில் நம் பிள்ளைகள் வயதுள்ள, அதைவிடச் சின்னப் பையன்கள்தான் நடித்தார்கள், பின்னாளில் சொந்த நாடகக் குழு நடத்திப் பேர் வாங்கிய டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கே பழகியவர்கள். கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் மேடையில் சேர்ந்து பாடி நடித்த நாடகமும் இதுதான், வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால் கேட்டுப் பாருங்கள். இந்த ஊருக்கும் இதில் பங்கு உண்டு. பம்பாயிலிருந்து புறப்பட்டு வந்த பார்சி நாடகக் கம்பெனிகளைப் பார்த்துத்தான் தமிழ்க் கம்பெனிகள் வரைந்த திரைச்சீலைகளையும் அந்த மெட்டுகளையும் எடுத்துக்கொண்டன. நம் மராத்தி டீச்சரும் கூட வருகிறார், 1880-ல் நாடகாசிரியர் கிர்லோஸ்கர் போட்ட சாகுந்தலத்திலிருந்து தொடங்கும் மராத்தி சங்கீத நாடகங்களைப் பற்றி அவர் பஸ்ஸிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லப் போகிறார்.

பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், இதுவரை வந்த 'வேண்டாம்' எல்லாமே மகள்களுக்குத்தான் வந்திருக்கின்றன, ஒரு மகனுக்குக்கூட வரவில்லை. பெண் ஒருத்தி பரண்மேல் நின்று, யாருக்கும் அஞ்சாமல் பேசுகிற நாடகத்துக்குப் பையன்களை மட்டும் கூட்டிக்கொண்டு போக எனக்கு மனம் ஒப்பவில்லை. காட்சி மாலை 4 மணிக்கு, இரண்டரை மணி நேரம். ஏழரைக்குள் பஸ் பள்ளி வாசலுக்கு வந்துவிடும். நான்கு ஆசிரியைகள் கூட வருகிறார்கள். அப்பாவோ அம்மாவோ அண்ணனோ வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் பிள்ளையை அனுப்புவோம். அப்படியும் மனம் கேட்கவில்லை என்றால் நீங்களும் வாருங்கள், பெற்றோருக்கென்று பத்து இடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

மற்றபடி: டிக்கெட் இலவசம், பஸ்ஸுக்கு மட்டும் 40 ரூபாய். நின்றுகொண்டே பார்க்க வேண்டும், அதனால் செருப்பு வேண்டாம், ஷூ போட்டு அனுப்புங்கள். அதிக நேரம் நிற்க முடியாத பிள்ளைகளுக்கு ஓரத்தில் பெஞ்ச் உண்டு, முன்கூட்டியே சொல்லுங்கள். கிழவன் காட்சியில் வள்ளி தேனும் தினைமாவும் பிசைந்து தொன்னையில் வைத்து எல்லோருக்கும் கொடுப்பாள், தேன் ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் ஒப்புதல் சீட்டில் எழுதுங்கள். யானை வரும்போது விளக்கை அணைப்பார்கள். கறுப்புத் துணிக்குள் இரண்டு பேர், காதுக்கு இரண்டு முறம், அவ்வளவுதான், ஆனால் இருட்டில் அது பிளிறிக்கொண்டு பக்கத்தில் உரசும்போது பெரியவர்களே நகர்ந்து நின்றார்கள். இருட்டுக்குப் பயப்படும் பிள்ளைகளை என் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறேன். மொபைல் கொடுத்தனுப்ப வேண்டாம்.

ஒப்புதல் சீட்டில் கையெழுத்துப் போட்டு, புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். வேறு ஏதாவது கேட்க வேண்டும் என்றால் காலை எட்டரை முதல் ஒன்பது வரை நான் கேட்டில்தான் நிற்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்