சான் இக்னாசியோ சாம்பல் திமிங்கலப் பயணம்: "தொட்டுப் பார்க்க உத்தரவாதம்" என்று விற்றது குறித்த புகார்

அனுப்புநர்:
பிப்ரவரி முதல் வாரப் பயணக் குழுவைச் சேர்ந்த பதினோரு பேர்,
சான் டியாகோ, கலிபோர்னியா.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தமிழ் வழிகாட்டியுடன் கூடிய நான்கு நாள் பாஹா கலிபோர்னியா பயணத்தில் நேர்ந்த குறைகள், தொகையைத் திருப்பித் தருதல், விளம்பரத்தைத் திருத்துதல்.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மெக்ஸிகோவின் சான் இக்னாசியோ காயலில் மூன்று படகுச் சவாரிகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம், படகுக்கு ஆறு பேர், "தாயையும் குட்டியையும் தொட்டுப் பார்க்க உத்தரவாதம்" என்று உங்கள் விளம்பரத்தில் இருந்தது. எங்களுக்குக் கிடைத்தவை இரண்டு சவாரிகள். இரண்டிலும் பதினோரு பேரும் ஒரே படகில் ஏற்றப்பட்டோம். இரண்டாவது சவாரியில், அந்த உத்தரவாதத்தைக் காப்பாற்றுவதற்காக உங்கள் வழிகாட்டி ஒரு தாய்த் திமிங்கலத்தையும் குட்டியையும் விரட்ட வைத்தார். பணம் போனதைவிட எங்களுக்கு மனம் ஆறாதது இதுதான். அதனால் இதை விரிவாக எழுதுகிறோம்.

முதல் சவாரி எப்படிக் கைநழுவியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். அச்சிட்ட பயண நிரலில், வழியிலுள்ள கட்டாவின்யா ஊரிலிருந்து காலை 5.30க்குக் கிளம்பி, பகல் 12.00க்குக் காயலை அடைந்து, 12.30க்குப் படகு ஏறுவதாக இருந்தது. பேருந்து 11.55க்கே போய்ச் சேர்ந்தது, ஆனால் அது வடக்கு மாநிலமான பாஹா கலிபோர்னியாவின் நேரம். குவெரேரோ நெக்ரோவுக்குச் சற்று முன்னால் 28ஆவது அட்சக் கோட்டைத் தாண்டியதும் பாஹா கலிபோர்னியா சுர் மாநிலம் தொடங்குகிறது. பிப்ரவரியில் அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடும். ஆகவே நாங்கள் கரையில் இறங்கியபோது அங்கே மணி 12.55. படகு போய்விட்டிருந்தது. குவெரேரோ நெக்ரோவில் சிக்னல் கிடைத்தவுடன் எங்கள் கைபேசிகள் தாமாகவே ஒரு மணி நேரம் தள்ளிக் காட்டின. வழிகாட்டியிடம் காட்டியும் அவர், "அது மெக்ஸிகோ நெட்வொர்க் கோளாறு" என்று சொல்லிவிட்டார்.

இந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்று எங்களால் ஊகிக்க முடிகிறது. வடக்கு மாநிலம் அமெரிக்காவைப் போலவே மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை முன்னே நகர்த்துகிறது, தெற்கு மாநிலம் நகர்த்துவதில்லை. எனவே மார்ச் நடுவிலிருந்து இரண்டுக்கும் வித்தியாசமே இருக்காது. மார்ச் கடைசியில் ஓட்டிய பயணத்தின் நிரலை அப்படியே எடுத்துத் தேதியை மட்டும் பிப்ரவரிக்கு மாற்றியிருக்கிறீர்கள். சவாரியைத் தள்ளிப்போடவும் வழியில்லை. அந்தக் காயலில் பார்வையிடும் பகுதிக்குள் ஒரே நேரத்தில் 16 படகுகள்தான் இருக்கலாம், ஒவ்வொரு படகுக்கும் நேரம் குறித்துத்தான் உள்ளே விடுவார்கள். தவறவிட்ட முறை தவறவிட்டதுதான்.

அடுத்தது, பருவம். "தாயும் குட்டியும் நெருங்கி வரும் காலம்" என்று பிப்ரவரி முதல் வாரத்தை விற்றீர்கள். திமிங்கலங்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொன்னால் அது நல்ல காலம்தான். பிப்ரவரி நடுவில் காயல் நிறைந்திருக்கும். ஆனால் அப்போது நிறைந்திருப்பவற்றில் இணை தேடி வந்த பெரியவையும் உண்டு. காயல் கடலோடு சேரும் வாய்க்கு அருகிலுள்ள கீழ்க்காயலில் அவைதான் புரண்டுகொண்டும் துரத்திக்கொண்டும் இருக்கும். குட்டிகள் பெரும்பாலும் ஜனவரியை ஒட்டிப் பிறக்கின்றன. பச்சைக் குட்டியோடு இருக்கும் தாய், ஆழம் குறைந்த மேல்காயல் பக்கம் ஒதுங்கிவிடும். பூந்தா பியேத்ராவுக்கு மேலே உள்ள அந்தப் பகுதிக்குள் சுற்றுலாப் படகுகளுக்கு அனுமதியே கிடையாது. பெரியவை வடக்கே கிளம்பிய பிறகு, மார்ச்சில், குட்டியும் தேறிய பிறகுதான் தாய்கள் கீழே இறங்கி வருகின்றன. படகருகே வந்து விளையாடுவது அப்போதுதான் மிகுதி. இணை சேர்வதைப் பார்க்க வேண்டுமா, பிப்ரவரி. குட்டியை அருகில் பார்க்க வேண்டுமா, மார்ச். இந்த இரண்டு வரியைப் பயணச்சீட்டு விற்கும் முன்பே சொல்லியிருக்கலாம்.

படகைப் பற்றி. அங்கே ஓடுவது பாங்கா எனப்படும் ஃபைபர் படகு. ஏறக்குறைய 7 மீட்டர் நீளம், பின்னால் ஒரு அவுட்போர்டு எஞ்சின், குறுக்கே மூன்று நான்கு பலகைகள். ஆறு பேர் ஏறினால் எல்லோருக்கும் ஓரத்தில் இடம் கிடைக்கும். பதினோரு பேர் என்றால் நடுவில் நாலைந்து பேர் மாட்டிக்கொள்வார்கள். திமிங்கலம் வலப்பக்கம் எழுந்ததும் அவர்கள் எழுந்து வலப்பக்கம் பாய்வார்கள், படகு சாயும். கிடைத்த இரண்டு சவாரிகளில் முதலாவதிலேயே இரண்டு முறை விளிம்பு தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. குழந்தைகளுக்கான லைஃப் ஜாக்கெட் ஒன்றுகூட இல்லை. எட்டு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர் அளவு ஜாக்கெட்டை மாட்டி இழுத்துக் கட்டினார்கள். உட்கார்ந்தால் அதன் கழுத்துப்பட்டை மூக்குவரை ஏறியது. தண்ணீரில் விழுந்தால் அந்த ஜாக்கெட் மட்டும் மேலே வரும், பிள்ளை அதிலிருந்து நழுவிவிடும். காலிடுக்கில் கோத்துக் கட்டும் வார் உள்ள சிறுவர் ஜாக்கெட்டைப் பேருந்திலேயே கொண்டுபோவது பெரிய செலவு இல்லை.

இனி, முக்கியமான விஷயம்.

கடைசி நாள் சவாரி. அறுபது எழுபது மீட்டர் தள்ளி ஒரு தாயும் குட்டியும் மெதுவாக நீந்திக்கொண்டிருந்தன. எஞ்சின் நியூட்ரலில் இருந்தது. குட்டியை எங்களால் நன்றாகவே பார்க்க முடிந்தது. கரும்சாம்பல் நிறம், பெரியவற்றின் உடம்பில் அப்பிக்கிடக்கும் கொட்டலசு (பார்னக்கிள் எனப்படும் ஓட்டுயிர்) இன்னும் அதிகம் ஒட்டாத வழுவழுப்பான முதுகு, முகவாய் நெடுகச் சின்னச் சின்னக் குழிகள். மூச்சுவிடும் ஒவ்வொரு முறையும் தாடையை முழுதாகத் தண்ணீருக்கு மேலே தூக்கியது. மிகச் சிறிய குட்டிகள் அப்படித்தான் செய்யும். தலையைத் தாழ்த்தியபடியே மூச்சுத் துளையை மட்டும் மேலே காட்டும் பக்குவம் அவற்றுக்கு இன்னும் வந்திருக்காது. உங்கள் வழிகாட்டி அதைக் காட்டி, "பாருங்க, நம்மளை எட்டிப் பார்க்குது, கிட்டப் போகலாம்" என்றார்.

படகோட்டி தலையை ஆட்டி மறுத்தார். "அமைதியாக இருங்கள், வந்தால் வரும்" என்று ஸ்பானிய மொழியில் சொன்னார். வழிகாட்டி, கூடுதலாக டிப்ஸ் தருகிறோம் என்று எங்களைக் கேட்காமலேயே எங்கள் பெயரில் பேரம் பேசினார். நான்கைந்து முறை வற்புறுத்தியபின் படகோட்டி கியரைப் போட்டார். படகு, தாய்க்கும் குட்டிக்கும் பின்னாலிருந்து நேராக நெருங்கியது. தாய் திசை மாறியது. வழிகாட்டி "குறுக்கே விடுங்க" என்று கைகாட்டினார். தாய் திரும்பி வந்து படகுக்கும் குட்டிக்கும் நடுவே தன் உடம்பைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஒரு முறை பலமாக மூச்சுவிட்டது. பிறகு இரண்டும் மூழ்கின. அவை போன வழியைத் தண்ணீரின் மேல் பார்க்க முடிந்தது. வால் கீழ்நோக்கி அடிக்கும் ஒவ்வொரு முறையும் மேலே எண்ணெய் ஊற்றினாற்போல ஒரு வழுக்கு வட்டம் எழும். வட்டங்களின் இடைவெளி கூடிக்கொண்டே போனால் அது வேகமாகப் போகிறது என்று பொருள். அவை அப்படித்தான் போயின. மீண்டும் எழுந்தபோது முந்நூறு மீட்டருக்கு அப்பால் இருந்தன.

அதே நேரத்தில் இருநூறு மீட்டர் தொலைவில் இன்னொரு பாங்கா எஞ்சினை நியூட்ரலில் விட்டபடி சும்மா மிதந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு திமிங்கலம் தானாக வந்து கால் மணி நேரம் நின்றது.

படகால் துரத்துவது, பாதையை மறிப்பது, தாயையும் குட்டியையும் பிரிக்கும்படி நுழைவது எல்லாம் மெக்ஸிகோவின் திமிங்கலப் பார்வையீட்டு விதியான நோம் 131இல் தடைசெய்யப்பட்டவை. மாட்டிக்கொண்டால் பறிபோவது படகோட்டியின் உரிமம். கோடையில் மீனும் சங்கும் எடுக்கிற குடும்பத்துக்குக் குளிர்காலத்து வருமானமே அந்த உரிமம்தான். உங்கள் வழிகாட்டிக்கு இழக்க எதுவும் இல்லை. இது தெரியாமல் நடந்திருந்தாலும் தவறு, தெரிந்தே நடந்திருந்தால் அநியாயம்.

திமிங்கலத்துக்கு என்ன கேடு என்றும் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் "அதுக்கு ஒண்ணும் ஆகாது" என்று வழிகாட்டி சொன்னார். பிறக்கும்போதே நாலரை மீட்டர் நீளமும் 700 கிலோவுக்கு மேல் எடையும் உள்ள குட்டி, பாதிக்கு மேல் கொழுப்பான பாலைக் குடித்து வளர்கிறது. அந்தக் கொழுப்பு முழுவதும் தாய் முந்தைய கோடையில் பேரிங், சுக்சி கடல்களின் அடிச்சேற்றை உறிஞ்சி, அதிலுள்ள சிற்றுயிர்களைத் தின்று சேர்த்தது. காயலில் இருக்கும் காலத்தில் தாய் கிட்டத்தட்டப் பட்டினிதான். ஒவ்வொரு ஓட்டமும் அந்தச் சேமிப்பிலிருந்து போகிறது. குட்டி பால் குடிப்பதும் தடைபடுகிறது. அதன் பிறகு இரண்டும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே நீந்த வேண்டும்.

உங்கள் கையேட்டில் "27,000 திமிங்கலங்கள்" என்று போட்டிருக்கிறீர்கள். அது 2016ஆம் ஆண்டுக் கணக்கு. 2019இல் தொடங்கிய பெருஞ்சாவுக்குப் பிறகு, 2023இல் ஏறக்குறைய 14,500 என்றும், 2025இல் ஏறக்குறைய 13,000 என்றும் அமெரிக்கக் கடல்வளத் துறை மதிப்பிட்டது. 2025 வசந்தத்தில் வடக்கே போன குட்டிகள் சுமார் 85தான் என்பதும் அதே துறையின் மதிப்பீடு. வடக்கில் இரை குறைந்ததால் மெலிந்து செத்தவை ஏராளம். இப்படிப்பட்ட காலத்தில் ஒரு தாயை ஓடவிட்டது சின்ன விஷயம் அல்ல.

தொடுவது என்ற வழக்கமே அங்கே எப்படி வந்தது என்று உங்கள் வழிகாட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1972இல் பச்சீகோ மயோரால் என்ற அந்த ஊர் மீனவரின் சின்னப் படகை ஒரு திமிங்கலம் நெருங்கி, அடியில் உரசி, விலகாமல் நின்றது. அவர் முதலில் பயந்தார். வெகுநேரம் கழித்தே கையை நீட்டினார். அதற்கு நூறாண்டுக்கு முன்பு அதே கரைகளில் வேட்டையாடியவர்கள் இந்த விலங்குக்கு "பேய்மீன்" என்று பெயர் வைத்திருந்தார்கள். குட்டியை மடக்கினால் தாய் திரும்பிவந்து படகை உடைத்ததுதான் காரணம். அன்று எங்கள் முன்னால் திரும்பி நின்ற தாய் 12 மீட்டருக்குக் குறையாது. வாலை ஒரு முறை வீசியிருந்தால், பதினோரு பேரோடு சாய்ந்துகொண்டிருந்த 7 மீட்டர் படகு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

திமிங்கலம் தானாக வந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மோதிரம், கைக்கடிகாரம் கழற்ற வேண்டும். கையில் சன்ஸ்கிரீன் இருக்கக் கூடாது. கண், மூச்சுத் துளை, வால் பக்கம் கை போகக் கூடாது. எழுந்து நிற்காமல் உட்கார்ந்தபடியே கையை நீட்ட வேண்டும். கரையில் ஐந்து நிமிடம் போதும் இதற்கு. அந்த ஐந்து நிமிடத்தில் வழிகாட்டி, உடம்பிலுள்ள வெள்ளைத் திட்டுகள் தோல்நோய் என்றும், தலையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சுகிறது என்றும் விளக்கிக்கொண்டிருந்தார். திட்டுகள் கொட்டலசும் அதைச் சுற்றி வாழும் திமிங்கலப் பேன்களும், அவை உதிர்ந்த வடுக்களும். மேலே எழுவது மூச்சுக்காற்றின் ஆவியும் துளிகளும். எதிரே நின்று பார்த்தால் இதய வடிவில் தெரியும். தமிழில் விளக்கம் என்பதற்காகவே உங்களைத் தேர்ந்தெடுத்த முதியவர்கள் எங்களில் மூன்று பேர். அவர்கள் ஊருக்குத் திரும்பி "தோல்நோய் பிடித்த திமிங்கலம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் கேட்பது இவை. நடக்காத முதல் சவாரிக்கு, ரசீதில் படகுக்கெனத் தனியாகப் போட்ட தொகையில் மூன்றில் ஒரு பங்கைப் பதினோரு பேருக்கும் திருப்பித் தர வேண்டும். மற்ற இரண்டு சவாரிகளிலும் இரண்டு படகுக்குப் பணம் வாங்கி ஒன்றை அமர்த்தியதால், அந்த இரண்டாவது படகின் வாடகையும் எங்களுக்குச் சேர வேண்டியது. "தொட உத்தரவாதம்" என்ற வாசகத்தை இந்தப் பருவத்திலேயே எடுத்துவிட வேண்டும். அந்த வாசகம் இருக்கும்வரை எந்த வழிகாட்டியும் படகோட்டியை நெருக்கத்தான் செய்வார், ஆளை மாற்றிப் பயனில்லை. பிப்ரவரி நிரலில் காயலை அடையும் நேரத்தை இரு மாநில நேரத்திலும் அச்சிடுங்கள். முடிந்தால் முதல் நாள் இரவே அங்கே தங்கவைத்துக் காலைச் சவாரியில் அனுப்புங்கள். நண்பகலுக்குப் பிறகு வடமேற்குக் காற்று எழுந்து, அலைச் சிதறலில் மூச்சுப் புகையைக்கூடப் பிரித்துப் பார்க்க முடிவதில்லை.

படகோட்டி மீது எங்களுக்கு எந்தப் புகாரும் இல்லை. அவர் மறுத்தார், நெருக்கப்பட்டார். இந்தக் கடிதத்தைக் காரணம் காட்டி அவருக்குத் தரவேண்டிய கூலியைப் பிடிக்கவோ, அடுத்த பருவத்தில் அவரை விலக்கவோ கூடாது. அவருக்கு வாக்களித்த டிப்ஸை நாங்கள் கரையிலேயே கொடுத்துவிட்டோம்.

பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இணைப்பு: ரசீது நகல், பயண நிரல் நகல், விளம்பரத்தின் படம், படகில் எடுத்த ஆறு புகைப்படங்கள், கடைசிச் சவாரியின் நான்கு நிமிட வீடியோ (நேர முத்திரையுடன்).

இப்படிக்கு,
பயணக் குழுவினர் பதினோரு பேர் சார்பில்
(கையொப்பங்கள் தனித்தாளில்)